ஆஸ்பத்திரித் துணியை வெளியே வெளுக்கக் கொடுக்கும் முன்

கீழக்கரை, மண்டபம் பக்கம் ஆஸ்பத்திரித் துணியை ஒப்பந்தத்துக்கு விடுவதென்றால், கிலோவுக்கு என்ன விலை என்பதற்கு முன்பு தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். கரையோரப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. சோப்பு நுரைக்காமல் திரிந்து நூலில் படியும்; விரிப்பு சாம்பல் பூத்து மொரமொரக்கும். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி கடினத்தன்மையைத்தான் எடுக்கும், உப்பை எடுக்காது. கடைசி அலசலுக்காவது ஆர்.ஓ. தண்ணீர் ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

வார்டில் அழுக்குத் துணியை உதறவோ எண்ணவோ வேண்டாம். கையுறையோடு உள்பக்கமாகச் சுருட்டி, கசியாத பையில் முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். ரத்தம் பட்டது தனிப் பை. கட்டும் முன் மடிப்பில் ஊசி, கத்தரி கிடக்கிறதா பாருங்கள். இங்கே விட்ட ஊசி அங்கே ஒருவர் கையில் ஏறும்.

ரத்தக் கறைக்கு முதல் அலசல் பச்சைத் தண்ணீரில்தான். எடுத்ததும் வெந்நீர் ஊற்றினால் கறை வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு 71 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம்.

ஆபரேஷன் தியேட்டர் துணியில் பழுப்புத் திட்டு வந்தால் சலவைக்காரரைத் திட்டாதீர்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி பட்ட துணியில் குளோரின் பிளீச் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும், பிறகு போகவே போகாது. அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வகை பிளீச் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

எடை, உலர்ந்து திரும்பும்போது போடுவது. ஈரத்தில் போட்டால் தண்ணீருக்கும் காசு.

ஒரு படுக்கைக்கு 5 செட் துணி வையுங்கள். ராமேஸ்வரம் தீவில் இன்னொன்று கூடுதலாக: ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் பாம்பன் பாலம் தாண்டி வண்டி வராத நாளும் உண்டு.