பாழடஞ்சு கிடக்குற இங்கிலீஷ் கன்ட்ரி ஹவுஸ் பத்தி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்துல கூரை இல்லாம வெறும் சுவரா நிக்கிற கன்ட்ரி ஹவுஸ்களப் பத்தி, அதாவது பிரபுக்களோட கிராமத்து மாளிகைகளப் பத்தி, எந்த வீடியோ பாத்தாலும் முக்காவாசி ஒரே கதைதான். பெரிய பிரபு குடும்பம், ஒரு ராத்திரி தீ விபத்து, எல்லாம் சாம்பல், அப்புறம் பேய். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நிறைய இடத்துல நடந்தது வேற, வீட்டு ஓனரே கணக்குப் போட்டுப் பாத்து கூரையக் கழட்டி வித்துட்டுப் போயிருப்பாரு.

அதனால முதல் தப்பு, இடிஞ்சிருந்தா எரிஞ்சிருக்கும்னு முடிவு பண்றது. டெர்பிஷயர்ல சட்டன் ஸ்கார்ஸ்டேல் ஹால்னு ஒண்ணு இருக்கு, 1724ல ஆரம்பிச்சு ஸ்கார்ஸ்டேல் பிரபுவுக்காக பிரான்சிஸ் ஸ்மித்ங்கிற கட்டடக் கலைஞர் கட்டினது. அங்க பெருசா தீயெல்லாம் ஒண்ணும் இல்ல. 1919ல உள்ளூர் பிசினஸ்காரங்க சிலர் வாங்கி, உள்ள இருந்த மரவேலை எல்லாத்தையும் கழட்டி வித்தாங்க, 1920ல கூரையும் போச்சு. அவ்ளோதான். கம்ப்ரியால இருக்குற லௌதர் கோட்டையும் இதே மாதிரிதான், 1947ல சாமானெல்லாம் ஏலம் போச்சு, 1957ல கூரைய எடுத்தாங்க, தோட்டம் இருந்த இடத்துல கோழிப்பண்ணை வச்சாங்க. ஸ்காட்லாந்துல ஸ்லெய்ன்ஸ் கோட்டை கூரைய 1925ல எடுத்ததுக்கு சொல்ற காரணம் இன்னும் மோசம், கூரை இருந்தா வரி கட்டணும், இல்லன்னா வேண்டாம்.

நெருப்பா ஏலமானு சுவரே ஓரளவு சொல்லிரும். இரும்புச்சத்து இருக்குற மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ நல்லா சூடானா இளஞ்சிவப்பா மாறிடும், அந்த நிறம் திரும்பப் போகாது. ஜன்னல் மேல்பக்கம், கணப்பு அடுப்புலருந்து தள்ளி இருக்குற சுவர், இங்கெல்லாம் திட்டுத் திட்டா சிவப்பு இருக்கானு பாருங்க. அடுத்தது உத்திரம் சொருகுன ஓட்டைகள். எரிஞ்ச வீட்டுல கருகுன மரத்துண்டு அந்த ஓட்டைக்குள்ளயே மாட்டிக்கிட்டு இருக்கும், கழட்டி வித்த வீட்டுல ஓட்டை காலியா இருக்கும், ஏன்னா நீளமான நல்ல ஓக் உத்திரத்துக்கு மார்க்கெட்ல விலை இருந்துச்சு. மரம் மக்கிப்போனாலும் ஓட்டை காலியாகும், அதனால இந்த ஒரு அடையாளத்த மட்டும் வச்சு தீர்ப்பு எழுதிராதீங்க.

தீயே பிடிச்சிருந்தாலும் அதோட கதை முடியல. வூஸ்டர்ஷயர்ல இருக்குற விட்லி கோர்ட்ல 1937 செப்டம்பர்ல தீப்பிடிச்சது உண்மை, ஆனா முழு வீடும் எரியல. கார்ப்பெட் கம்பெனி முதலாளி சர் ஹெர்பர்ட் ஸ்மித்தான் அப்ப ஓனர், திருப்பிக் கட்டாம வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டாரு. அதுக்கப்புறம் வந்த பழைய சாமான் வியாபாரிங்கதான் ஈயம், மரம், கல்லுனு உரிச்சு இன்னைக்கு நாம பாக்குற எலும்புக்கூடா ஆக்குனது. '1937ல எரிஞ்சு அழிஞ்சது'னு ஒரே வரில எழுதுனா அந்த வியாபாரிங்க பங்கு அப்படியே மறைஞ்சு போயிடும்.

அடுத்தது முகப்ப பாத்து வயசு சொல்றது. இது நல்லா படிச்சவங்களே பண்றாங்க. விட்லி முன்னாடி நின்னா 1850கள்ல கட்டடக் கலைஞர் சாமுவேல் டாக்ஸ் பண்ணுன இத்தாலி ஸ்டைல்தான் கண்ணுல படும், உடனே விக்டோரியா காலத்து வீடுன்னு எழுதிடுறாங்க. ஆனா அது மேல போத்துன, பாத்ங்கிற ஊர்ப் பக்கத்துக் கல்லு மட்டும்தான். போர்ட்டிகோ, அதாவது தூண் வச்ச வாசல் மண்டபம், ஜான் நாஷ்ங்கிற இன்னொரு கட்டடக் கலைஞரோட வேலை, 19ஆம் நூற்றாண்டு ஆரம்பம். கல்லும் பூச்சும் பெயர்ந்த இடத்துல பழைய செங்கல் தெரியும், வடக்குப் பக்கத்து ரெண்டு கோபுரமும் 17ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல, ஜேம்ஸ் ராஜா காலத்துல இருந்த வீட்டோட மிச்சம். இடிஞ்ச வீட்டுல இது ஒரு வசதி, பாத்துக்கங்க, பூச்சு முழுசா இருந்தா இத கண்டுபிடிக்க சுவத்த ஒடைக்கணும். கணப்பு அடுப்பு ஒண்ணுக்கு மேல ஒண்ணு அந்தரத்துல தொங்குறத பாத்து தளம் எங்க இருந்துச்சுனு குறிச்சுக்கலாம், சுவத்துல சாய்வா போற தழும்பு இருந்தா அங்க ஒரு பழைய கூரை வந்து முட்டிருக்கு.

பேர நம்புறதும் அதே ரகம். லௌதர் 'கோட்டை'ய இடைக்காலக் கோட்டைன்னு எழுதுனத நானே பாத்துருக்கேன், அது 1806லருந்து 1814 வரைக்கும் ராபர்ட் ஸ்மர்க் கட்டினது, பின்னாடி பிரிட்டிஷ் மியூசியம் டிசைன் பண்ணாரே அதே ஆள். கோபுரமும் கொத்தளமும் வெறும் ஸ்டைலுக்கு.

அடைச்ச ஜன்னல் கண்டா உடனே 'ஜன்னல் வரி'னு சொல்றது இருக்கே, எனக்கு ரொம்ப எரிச்சலான விஷயம் இதுதான். வீட்டுல எத்தன ஜன்னல்னு எண்ணிப் போட்ட அந்த வரி 1696லருந்து 1851 வரைக்கும் இருந்துச்சு, அதுக்காக அடைச்சவங்களும் உண்டு, இல்லைங்கல. ஆனா ஜார்ஜியன் காலத்துல (பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு) வீடு கட்டுனவங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்ங்கிறது வெறி, உள்ள புகைபோக்கியோ குறுக்குச்சுவரோ வர்ற இடத்துல ஜன்னல் வைக்க முடியாது, அதனால ஆரம்பத்துலயே பொய் ஜன்னல் வச்சுக் கட்டிருவாங்க. கூரை போன வீட்டுல உள்பக்கம் போய் பாத்தாலே விடை கிடைச்சிரும். பின்னாடி புகைபோக்கி ஓடுதுன்னா அங்க எப்பவுமே ஜன்னல் இல்ல. நடுவுல அடைச்சதுன்னா செங்கல் சைஸோ சாந்தோ மாறும், ரெண்டு பக்கமும் நேர்கோடா இணைப்பு தெரியும்.

ரகசியச் சுரங்கம்ங்கிறதும் முக்காவாசி செங்கல் கட்டுன வடிகால், இல்லன்னா வேலைக்காரங்க போய்வர வழி. பேய் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

'வரி வந்து அழிச்சிருச்சு'னு ஒரே காரணத்துல முடிக்கிறதும் பாதிக் கதை. 1894ல எஸ்டேட் டியூட்டி, அதாவது செத்தவங்க விட்டுட்டுப் போன சொத்து மேல வரி, வந்துச்சு, அப்ப அதிகபட்சமே 8 சதவீதம்தான், 1919ல ரொம்பப் பெரிய சொத்துக்கு 40 ஆச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே 1870கள்லருந்து அமெரிக்க கோதுமை சல்லிசா வந்து இறங்கி இங்க நிலக் குத்தகை விழுந்துருச்சு, இந்த வீடுங்க ஓடுனதே அந்தக் குத்தகைப் பணத்துலதான். 1882ல ஒரு சட்டம் வந்து பரம்பரைச் சொத்த விக்க வழி திறந்துவிட்டுச்சு, அப்புறம் முதல் உலகப் போர்ல வாரிசுங்க செத்தாங்க, ரெண்டாம் போர்ல ராணுவம் வீட்ட எடுத்துக்கிட்டு நாசம் பண்ணி திருப்பிக் குடுத்துச்சு. எந்த வீட்டுக்கு எது அடின்னு தனித்தனியா பாக்கணும். அதோட, லிஸ்டட் கட்டடத்த (பாதுகாக்கணும்னு அரசு பட்டியல்ல சேத்தது) இடிக்க முன்கூட்டியே அனுமதி கட்டாயம்னு ஆனது 1968 சட்டத்துலதான், அதுக்கு முந்தின இடிப்பையெல்லாம் இப்ப இருக்குற சட்டத்த வச்சு 'திருட்டுத்தனமா இடிச்சாங்க'னு எழுதாதீங்க.

உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சுதுனு நினைக்கிறதும் தப்புதான். சட்டன் ஸ்கார்ஸ்டேலோட மர ரூம்கள் பிலடெல்பியா மியூசியத்துல இருக்கு, இன்னொண்ணு பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட் கைக்குப் போய் கடைசில கலிஃபோர்னியால இருக்குற ஹன்டிங்டன் மியூசியத்துல சேந்துச்சு. அதுக்காக மியூசியத்துல பாக்குறது அப்படியே பழைய ரூம்னும் நம்பிராதீங்க, அந்தக் காலத்து டீலருங்க இடத்துக்குத் தகுந்த மாதிரி வெட்டுவாங்க, புதுசா ஒட்டுவாங்க. கழட்டுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ வேணும்னா 1897லருந்து வர்ற கன்ட்ரி லைஃப் பத்திரிகையோட பழைய படங்கள், ஏல கேட்டலாக், பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவை) மேப் இதெல்லாம் தேடுங்க. ஏல கேட்டலாக் ரூம் ரூமா லிஸ்ட் போடும், பிளான் இல்லாத வீட்டுக்கு அதுவே பாதி பிளான்.

பழுது பாக்குறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம். சுண்ணாம்புச் சாந்து வச்சுக் கட்டுன சுவத்துல சிமெண்ட் பூசாதீங்க, ஈரம் வெளிய போக வழியில்லாம கல்லு வழியா வந்து கல்லையே உதிர்க்கும். ஐவி கொடியையும் இழுத்துப் பிய்க்கக் கூடாது, வேரோட சாந்தும் சேந்து வந்துரும், அடில வெட்டிவிட்டு காயவிட்டுதான் எடுக்கணும்.

போட்டோ எடுக்கப் போறவங்க வேலி தாண்டாதீங்க, ஈரத்துல மக்குன தளம் மேல பாக்க உறுதியாத்தான் தெரியும். விட்லி கோர்ட், அதே மாதிரி பாழடஞ்ச கிர்பி ஹால் ரெண்டும் பழைய கட்டடங்களப் பாத்துக்குற இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்போட பராமரிப்புல இருக்கு, டிக்கெட் எடுத்து உள்ள போய் நிதானமா பாக்கலாம். விட்லி போனா ஒட்டியிருக்குற சர்ச்சையும் விட்டுறாதீங்க, அதோட கண்ணாடி ஜன்னலும் கூரை ஓவியமும் 1747ல ஏலம் போன கேனன்ஸ்ங்கிற இன்னொரு மாளிகையோட சேப்பல்லருந்து கழட்டிக் கொண்டு வந்தது.