நினைவகம் எங்கே போகிறது? வாரக்கணக்கில் ஓடும் லினக்ஸ் கணினியைச் சோதிக்கும் முறை

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு கணினி சேர்ந்தாற்போல் இரண்டு நாள் ஓடினாலே அதிசயம். வெட்டு வரும், அணையும். மின்சாரம் திரும்பியதும் புதிதாக எழும். 2024 மார்ச் இறுதியில் வெட்டு நின்று பல மாதம் தடையில்லாமல் மின்சாரம் வந்தபோதுதான் உள்ளே ஒளிந்திருந்த நோய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் மணிக்கு 20 மெகாபைட் கூடுதலாகத் தின்றுகொண்டே போகும், அதாவது கசியும் ஒரு நிரல், தினமும் அணைந்து எழும் கணினியில் யார் கண்ணிலும் படாது. அதே நிரல் மூன்று வாரம் நிற்காமல் ஓடினால் கசிவு 10 ஜிகாபைட்டைத் தொட்டுவிடும். 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினி அதற்கு வெகு முன்பே திணறத் தொடங்கும்.

சாட்ஸ்வர்த்திலும் வெருலத்திலும் சில கோவில் அலுவலகங்களின் கணினிகளையும் தமிழ் வகுப்புக் கணினிகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் கம்பெனிகள் கழித்துக் கொடுத்தவை; டெபியனோ உபுண்டுவோ (இரண்டும் லினக்ஸ் விநியோகங்கள்) போட்டிருக்கும். எனக்கு வரும் அழைப்பு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: “தம்பி, கணினி மறுபடியும் இழுக்கிறது. அணைத்துப் போடட்டுமா?” நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: “கொஞ்சம் பொறுங்கள் அம்மா. அணைத்தால் தடயமும் சேர்ந்து போய்விடும்.”

இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவதும் அதுவே. அணைத்துப் போட்டால் இன்றைய தொல்லை தீரும், காரணம் தெரியாது, அடுத்த மாதம் தைப்பூசப் பதிவு நடக்கும் நேரத்தில் அதே தொல்லை திரும்ப வரும். “ராம் பற்றவில்லை, வாங்கிப் போடுங்கள்” என்று சொல்வது அதைவிட எளிது. ஆனால் கோவில் பணம் பக்தர்கள் உண்டியலில் போட்ட பணம். காரணம் தெரியாமல் அதில் கை வைக்கச் சொல்ல என் மனம் ஒப்பாது.

கட்டளைகளைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லியே எனக்குப் பழக்கம். இங்கும் வாயால் சொல்வதைப் போலவே எழுதுகிறேன்.

முதலில் கட்டளை அடிக்கும் சாளரமான முனையத்தைத் திறந்து ‘ஃப்ரீ’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ‘மைனஸ் ஹெச்’ சேருங்கள். வரும் அட்டவணையில் எல்லோருடைய கண்ணும் ‘ஃப்ரீ’ என்ற பத்திக்குத்தான் போகும். அது 300 மெகாபைட் என்று காட்டினால் வயிறு கலங்கும். கலங்க வேண்டாம். லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தில் அண்மையில் படித்த கோப்புகளை வைத்திருக்கும். கணக்கர் அன்றாடம் புரட்டும் ஏடுகளை அலமாரியில் அடுக்காமல் மேசை மேலேயே வைத்திருப்பார் அல்லவா, அது போல. வேறு வேலைக்கு இடம் தேவைப்பட்டால் உடனே ஒதுக்கிக் கொடுத்துவிடும். ஆகவே பார்க்க வேண்டிய பத்தி கடைசியில் இருக்கும் ‘அவெய்லபிள்’. இப்போதுள்ள நிரல்களை ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) தள்ளாமல் புதிய நிரல்களுக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று லினக்ஸின் மையமான கெர்னலே மதிப்பிட்டுச் சொல்லும் எண் அது. 2014இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து இருக்கிறது. 8 ஜிகாபைட் கணினியில் அது 2 ஜிகாபைட்டுக்கு மேல் இருந்தால் கணினி இழுப்பதற்குக் காரணம் நினைவகமாக இருக்க வாய்ப்பு குறைவு. வட்டையோ வெப்பத்தையோ பாருங்கள். டர்பன் ஈரக்காற்றில் தூசி அப்பிய விசிறியைத் துடைத்தாலே பாதிக் கணினிகள் சரியாகிவிடும்.

லினக்ஸ் இப்படி நினைவகத்தில் வைத்திருக்கும் கோப்புகளுக்குக் கேஷ் என்று பெயர். ‘டிராப் கேஷஸ்’ கோப்பில் 3 என்று எழுதினால் நினைவகம் காலியாகும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காலியாவது உண்மை. பயனில்லை என்பதும் உண்மை. கேட்டவுடன் கிடைக்கக்கூடிய இடத்தைத்தான் அது காலி செய்கிறது. தூக்கி எறிந்த கோப்புகளை மறு நிமிடமே வட்டிலிருந்து திரும்பப் படிக்க வேண்டிவரும்.

‘அவெய்லபிள்’ உண்மையிலேயே குறைந்திருந்தால், கணினி இப்போது அவதிப்படுகிறதா என்று பாருங்கள். ‘விஎம்ஸ்டாட்’, இடைவெளி, 1 என்று அடித்தால் நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரி கணினி எழுந்ததிலிருந்து எடுத்த சராசரி, அதை விட்டுவிடுங்கள். ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ என்ற இரண்டு பத்திகளும் ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதையும் ஸ்வாப்புக்கு வெளியே போவதையும் காட்டும். இரண்டும் சுழியமாகவே இருந்தால், ஸ்வாப்பில் 1 ஜிகாபைட் நிரம்பியிருந்தாலும் பயமில்லை. என்றோ தேவைப்படாமல் போனவை அங்கே உறங்குகின்றன. இரண்டிலும் ஆயிரக்கணக்கில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தால் கணினி உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாகத் தன் நேரத்தையெல்லாம் செலவழிக்கிறது. ‘ப்ராக்’ அடைவுக்குள் ‘பிரஷர்’ அடைவில் ‘மெமரி’ என்ற கோப்பு உங்கள் கணினியில் திறந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அதில் ‘ஃபுல்’ வரியில் உள்ள ‘ஏவிஜி10’, கடந்த 10 நொடியில் எல்லா வேலையும் நினைவகத்துக்காகக் காத்து நின்ற நேரத்தைச் சதவீதத்தில் சொல்லும். சுழியத்துக்கு அருகில் இருந்தால் நல்லது.

இனி, தின்பது யார்? ‘டாப்’ என்று அடித்துவிட்டுப் பெரிய எழுத்து எம் அழுத்துங்கள். நினைவக வரிசையில் அடுக்கிக் கொடுக்கும். ‘விர்ட்’ பத்தியில் பத்து இருபது ஜிகாபைட் என்று நின்றாலும் பொருட்படுத்த வேண்டாம்; அது கேட்டு வைத்த முகவரிப் பரப்பு, எடுத்துக்கொண்ட இடம் அல்ல. ‘ரெஸ்’ பத்திதான் நிரல் உண்மையில் உட்கார்ந்திருக்கும் இடம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய உலாவி ஒன்று பத்துப் பதினைந்து செயல்முறைகளாகப் பிரிந்து ஓடும். எல்லாம் பகிர்ந்துகொள்ளும் பகுதி ஒவ்வொன்றின் கணக்கிலும் முழுதாக ஏறும். ‘ரெஸ்’ எண்களைக் கூட்டினால் உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். பகிர்ந்ததைப் பங்கு போட்டுக் காட்டும் கணக்கு ‘பிஎஸ்எஸ்’. ‘ஸ்மெம்’ என்ற சிறு கருவியை நிறுவி, மைனஸ் டீகே சேர்த்து ஓட்டினால் அந்தக் கணக்கும் அடியில் கூட்டுத்தொகையும் கிடைக்கும். எல்லாப் பயனரின் நிரல்களும் வர, நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’வோடு ஓட்டுங்கள்.

இந்தக் கூட்டுத்தொகையை ‘ஃப்ரீ’ காட்டிய ‘யூஸ்டு’ எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலர் தாண்டிப் போகும் படி இது. எனக்கு மிகப் பயன்பட்டதும் இதுதான்.

ஒரு கோவில் அலுவலகக் கணினி. டெபியன் 13, 8 ஜிகாபைட். கோவிலின் பழைய கணக்கேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து வைக்கும் வேலை அதில் நடந்துகொண்டிருந்தது. சில நாள் ஓடினால் அசையாது. ‘ஃப்ரீ’ ஜிகாபைட்டில் காட்டியது இது: மொத்தம் 7.6, யூஸ்டு 6.5, அவெய்லபிள் 1.1. ஆனால் ‘ஸ்மெம்’ கூட்டுத்தொகை 3.2தான். மீதி 3 ஜிகாபைட்டுக்கு மேல் எந்த நிரலின் பெயரிலும் இல்லை. உலாவியை மூடினார்கள், லிப்ரெஆபிஸை மூடினார்கள், கொஞ்சம்தான் குறைந்தது. அதே ‘ஃப்ரீ’ அட்டவணையில் யாரும் கண்டுகொள்ளாத ‘ஷேர்டு’ பத்தியில் விடை இருந்தது: 3.2.

அந்தப் பத்தியில் பெரும்பாலும் வருவது நினைவகத்திலேயே வாழும் கோப்பு முறைமைகளின் கணக்கு. டெபியன் 13இலிருந்து ‘டெம்ப்’ அடைவு இயல்பாகவே நினைவகத்தில் இருக்கிறது. மொத்த நினைவகத்தில் பாதிவரை அது வளரலாம். அங்கே ஒரு கோப்பு கிடந்தால் அது ராமில் கிடக்கிறது என்று பொருள். ‘பஃப் கேஷ்’ பத்திக்குள்ளும் அது சேர்ந்தே வரும்; ஆனால் மற்ற கேஷைப் போலக் கேட்டவுடன் விட்டுக்கொடுக்காது. கோப்பை அழித்தால்தான் போகும், அல்லது ஸ்வாப்புக்குப் போகும். ‘டியூ’ மைனஸ் எஸ்ஹெச் சேர்த்து ‘டெம்ப்’ அடைவைக் கேட்டோம்: 3 ஜிகாபைட். ஸ்கேன் நிரல் ஒவ்வொரு பக்கத்தின் சுருக்கப்படாத படத்தையும் அங்கே போட்டுவிட்டு எடுக்காமல் போயிருக்கிறது. ஏ4 பக்கம் ஒன்றை 300 புள்ளி அடர்த்தியில் வண்ணத்தில் எடுத்தால் 2480க்கு 3508 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், ஆக ஏறக்குறைய 26 மெகாபைட். நூற்றிருபது பக்கம் எடுத்தால் 3 ஜிகாபைட் தீர்ந்தது. நிரலின் தற்காலிக அடைவை வட்டில் ஓர் இடத்துக்கு மாற்றி, பழைய படங்களை அழித்ததும் ‘அவெய்லபிள்’ 4 ஜிகாபைட்டைத் தாண்டியது. கணினியை அணைக்கவே இல்லை. ராமும் வாங்கவில்லை.

‘ஷேர்டு’ சிறியதாக இருந்தும் கணக்கு இடித்தால், ‘ப்ராக்’ அடைவில் உள்ள ‘மெம்இன்ஃபோ’ கோப்பில் ‘எஸ்அன்ரிக்ளெய்ம்’ வரியைப் பாருங்கள். கெர்னல் தனக்கென எடுத்துத் திருப்பித் தராத இடம் அது. மேசைக்கணினியில் அது ஒரு ஜிகாபைட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு டிரைவரைச் சந்தேகிக்கலாம். ‘ஸ்லாப்டாப்’ எந்தப் பொருள் பெருகுகிறது என்று காட்டும். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்துபவர்களுக்கு அதன் கேஷ் ‘யூஸ்டு’ கணக்கில் ஏறும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு ஒத்துப்போய், ஒரு நிரலே தின்கிறது என்று தெரிந்தால் அடுத்த கேள்வி: அது பெரியதா, வளர்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. காலையில் ஒரு பெரிய கோப்பைத் திறந்தபோது ஏறி, பிறகு அதே அளவில் நிற்கும் நிரல் கசியவில்லை. விடுவித்த இடத்தையெல்லாம் உடனே கெர்னலிடம் திருப்பிக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொள்வது பல நிரல்களின் இயல்பு. யாரும் தொடாத இரவிலும் ஏறிக்கொண்டே போவதுதான் கசிவு. இதை ஒரு முறை பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே பதிவு வையுங்கள். தேதி, ‘ஃப்ரீ’யின் வரிகள், ‘பிஎஸ்’ கட்டளை நினைவக வரிசையில் தரும் முதல் பத்து நிரல்கள் ஆகிய மூன்றையும் ஒரு கோப்பின் அடியில் சேர்க்கும் சிறு ஸ்கிரிப்ட்டை எழுதி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் ‘கிரான்’ வழியே 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஓட விடுங்கள். மூன்று நாள் கழித்துத் திறந்து, பின்னிரவு 1 மணிக்கும் 5 மணிக்கும் உள்ள எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். கதவு பூட்டிய அலுவலகத்தில் எது வளர்ந்ததோ அதுவே ஆள்.

பெரும்பாலும் அது உலாவித் தாவல் ஒன்றாக இருக்கும். ஃபயர்பாக்ஸில் முகவரிப் பட்டையில் ‘அபவுட்’, முக்காற்புள்ளி, ‘ப்ராசஸஸ்’ என்று அடித்தால் தாவல்வாரியாகக் கணக்கு வரும். குரோமில் ஷிஃப்டோடு எஸ்கேப் அழுத்த வேண்டும். தானே புதுப்பித்துக்கொள்ளும் செய்திப் பக்கங்கள், நேரலைக் காணொளிப் பக்கங்கள், நாள் முழுதும் திறந்து கிடக்கும் வாட்ஸ்அப் தாவல் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அந்தத் தாவலை மட்டும் மூடித் திறந்தால் போதும், முழு உலாவியையும் அணைக்கத் தேவையில்லை.

திடீரென்று ஒரு நிரல் மட்டும் மறைந்து போகிறது, எழுதிக்கொண்டிருந்த கடிதம் போய்விட்டது என்று யாராவது சொன்னால், ‘ஜர்னல்சிடிஎல்’ மைனஸ் கே அடித்து ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற சொற்களைத் தேடுங்கள். இடம் அறவே தீர்ந்தபோது கெர்னல் எந்த நிரலைக் கொன்றது, அப்போது அது எவ்வளவு வைத்திருந்தது என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். கணினி இதற்குள் அணைந்து எழுந்திருந்தால் மைனஸ் பி, மைனஸ் 1 சேர்த்து முந்தைய ஓட்டத்தின் பதிவைக் கேளுங்கள். கொல்லப்பட்டதே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கெர்னல் பெரும்பாலும் பெரியதைத்தான் தேர்ந்தெடுக்கும். வளர்ந்தது வேறொன்றாக இருக்கலாம்.

கசியும் நிரல் இல்லாமல் வேலை நடக்காது என்றால் அதற்கு ஓர் எல்லை போடலாம். ‘சிஸ்டம்டி ரன்’ கட்டளையில் ‘யூசர்’, ‘ஸ்கோப்’ இரண்டும் சேர்த்து, ‘மெமரிமேக்ஸ்’ பண்பை 2ஜி என்று கொடுத்து அந்த நிரலைத் தொடங்குங்கள். எல்லை மீறினால் அது மட்டும் விழும். பக்கத்தில் திறந்திருக்கும் காவடிப் பதிவுப் பட்டியல் பிழைத்துக்கொள்ளும்.

பிறகு அந்த நிரலை எழுதியவர்களுக்குத் தெரிவியுங்கள். “மெமரி நிறைய எடுக்கிறது” என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. நிரலின் பதிப்பு எண், விநியோகத்தின் பெயர், மணிக்கு எத்தனை மெகாபைட் ஏறுகிறது என்ற கணக்கு, அந்த நேரத்தில் நிரல் என்ன செய்துகொண்டிருந்தது என்ற குறிப்பு, அந்தச் செயல்முறையின் ‘ஸ்மேப்ஸ் ரோலப்’ கோப்பில் உள்ள ‘அனானிமஸ்’ எண் ஆகியவற்றை அனுப்புங்கள். மூன்று நாள் பதிவுக் கோப்பையும் இணைத்துவிடுங்கள். அதில் கோவில் ஆவணங்களின் பெயரோ பக்தர்களின் பெயரோ வந்திருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள்.