சுட்ட பின் ஆறவைத்தல்: கம்பித் தட்டைப் பயன்படுத்தும் முறை

ஓவனிலிருந்து எடுத்த கேக்கின் நடுப்பகுதி ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். இளகிய நிலையிலுள்ள மாவுச்சத்து இறுகுவதும், உள்ளே தேங்கிய நீராவி வெளியேறுவதும் அதன் பிறகுதான் நடக்கின்றன. ஆகவே, ஆறவைப்பதும் சுடுவதன் ஒரு பகுதியே. சூடான டின்னைச் சமையல் மேடைக் கல்லின்மீது அப்படியே வைத்தால், மேற்புறம் காற்றுப் பட்டு ஆறிவிடும். அடியில் போக வழியில்லாத ஆவியோ நீராக மாறி, கேக்கின் அடிப்பகுதியிலேயே ஊறிவிடும். மேலே பதமாக வெந்த கேக் அடியில் பிசுபிசுப்பதற்கும், மொறுமொறுப்பாக வந்த ரொட்டியின் மேல்தோல் சிறிது நேரத்தில் தொய்ந்துபோவதற்கும் பல நேரங்களில் இதுவே காரணமாகிறது. கால்கள் வைத்த கம்பித் தட்டு, அதாவது கூலிங் ரேக், அடியிலும் காற்று புக இடம் தருவதால் இந்தக் குறை நீங்குகிறது.

வாங்கும்போது கால்களின் உயரத்தை முதலில் பாருங்கள். 2 சென்டிமீட்டராவது இருந்தால்தான் காற்று தாராளமாக ஓடும். ஒரே திசையில் கம்பிகள் ஓடும் தட்டைவிட, குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டங்கள் அமைந்த தட்டே நல்லது. அதில் சிறிய பிஸ்கட்டுகள் நழுவி விழுவதில்லை, மென்மையான கேக்கும் கம்பிகளுக்கிடையே தொய்வதில்லை. முலாம் பூசியது நாளடைவில் உரிந்து துருப்பிடிக்கக்கூடும் என்பதால், சற்று விலை கூடினாலும் எவர்சில்வரே வாங்கலாம். தட்டு கைவசம் இல்லாதபோது, ஆறிய கேஸ் அடுப்பின் மேலுள்ள இரும்புத் தாங்கியைத் துடைத்துவிட்டு அதன்மீது டின்னை நிறுத்தலாம்.

எதை எப்போது தட்டுக்கு மாற்றுவது என்பதில்தான் உண்மையான கவனம் தேவை. வெண்ணெய் கேக்கையும் ஸ்பாஞ்ச் கேக்கையும் முதலில் டின்னோடு தட்டில் 10 முதல் 15 நிமிடம் வரை நிறுத்த வேண்டும். வெந்த இட்லியைச் சற்று ஆறவிட்டு எடுத்தால் பிய்யாமல் வருவதைப்போல, கேக்கும் இந்த இடைவெளியில் இறுகி, ஓரத்தில் டின்னைவிட்டு விலகத் தொடங்கும். அதற்கு முன்பே கவிழ்த்தால் உடைந்துவிடும். மிகவும் தாமதித்தால் டின்னுக்குள் ஆவி தங்கி ஓரங்கள் ஈரமாகும், வெண்ணெய் உறைந்து அடியும் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய கத்தியை ஓரத்தைச் சுற்றி ஒருமுறை ஓட்டி, டின்னின் வாயில் ஒரு தட்டையான தட்டை வைத்து இரண்டையும் சேர்த்துக் கவிழ்த்து, அடியிலுள்ள பட்டர் பேப்பரை உரித்துவிட்டு, கம்பித் தட்டின்மீது கேக்கை நேராகத் திருப்பி வையுங்கள். இப்படி வைத்தால் கம்பியின் தழும்பு மேற்பரப்பில் விழாது. கம்பிகளில் எண்ணெயை லேசாகத் தடவிவிட்டால் கேக் ஒட்டாது.

ரொட்டிக்கு இந்தக் காத்திருப்பு வேண்டியதில்லை. டின்னில் சுட்ட ரொட்டியைச் சில நிமிடங்களுக்குள் வெளியே எடுத்துத் தட்டில் வைத்து, குறைந்தது ஒரு மணி நேரமாவது வெட்டாமல் விட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உட்பகுதி பசைபோலக் கத்தியில் ஒட்டும். அதைப் பார்த்து ரொட்டி வேகவில்லை என்று கருதுவது பொதுவான தவறு. பன்னுக்கு மென்மையான தோல் வேண்டுமானால், எடுத்தவுடன் வெண்ணெய் தடவி, தட்டில் வைத்தபடியே மெல்லிய துணியால் மூடலாம்.

நான்கட்டாய் போன்ற பிஸ்கட்டுகள் சூட்டில் தொட்டாலே நொறுங்கும். அவை சுட்ட தட்டிலேயே ஐந்து நிமிடமளவில் இறுகிய பிறகு, அகலமான கரண்டியால் எடுத்துக் கம்பித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. ஆகையால் முழுவதும் ஆறியவுடனேயே இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றாவிட்டால் மொறுமொறுப்பு நிற்காது. அதே நேரத்தில், இளஞ்சூடு இருக்கும்போதே மூடினால் டப்பாவுக்குள் நீர் கோத்துக்கொள்ளும், பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும்.

கவிழ்க்கவே கூடாதவையும் உண்டு. சீஸ் கேக், பிரௌனி, பழங்கள் நிறைந்த கனமான பிளம் கேக் ஆகியவற்றை டின்னோடு கம்பித் தட்டில் வைத்து முழுவதுமாக ஆறவிட வேண்டும். முட்டை நுரையின் வலுவில் உப்பும் ஷிஃபான் கேக்கையோ, எண்ணெய் தடவாத டின்னோடு தலைகீழாக நிறுத்தியே ஆறவைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் தன் எடையாலேயே அமுங்கிவிடும்.

கிரீம் பூசுவதற்கு முன் கேக்கின் மேற்பரப்பைத் தொட்டுப் பார்ப்பது போதாது, அடியில் கைவைத்துப் பாருங்கள். அங்கே சிறிது சூடு இருந்தாலும் கிரீம் உருகி வழியும். சாக்லேட் குழம்பை மேலே ஊற்றுவதாக இருந்தால், ஆறிய கேக்கைக் கம்பித் தட்டில் வைத்து, கீழே பட்டர் பேப்பர் விரித்த தாம்பாளத்தை வையுங்கள். வழிந்ததைச் சேர்த்து மீண்டும் பயன்படுத்தலாம். வேலை முடிந்ததும் தட்டை வெந்நீரில் ஊறவைத்து, கம்பிகள் சந்திக்கும் மூலைகளைச் சிறு பிரஷால் தேய்த்து, ஈரமின்றித் துடைத்து எடுத்துவையுங்கள். அந்த மூலைகளில் தங்கும் சர்க்கரைத் துணுக்குகளைத் தேடித்தான் எறும்புகள் வருகின்றன.