பெருங்குடல் புற்றுநோயும் மகனீசியமும்: வன்னிச் சமையலில் கவனிக்க வேண்டியவை

சுவீடனில் 61,000க்கு மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2005இல் வெளியானது. உணவில் மகனீசியம் என்ற தாதுச்சத்தை அதிகம் எடுத்தவர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஏறத்தாழ 40% குறைவாக வந்திருந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டின் தொகுப்பு, நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கூடினால் ஆபத்து சுமார் 12% குறைவதாகக் காட்டியது. ஆனால் மகனீசியம் உள்ள சாப்பாட்டிலேதான் நார்ச்சத்தும் உண்டு. காப்பாற்றியது எது என்று இந்த ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் குளிசையைத் தேடாமல் சாப்பாட்டைச் சரிசெய்வதே புத்தி.

வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 420, பெண்ணுக்கு 310 முதல் 320 மில்லிகிராம் வேண்டும். வயலும் தோட்டமும் உள்ள வீட்டுக்கு இது எட்டாத அளவல்ல. கைக்கு வந்ததை இழப்பதுதான் சிக்கல், அதுவும் முதலில் அரிசி ஆலையில். நன்றாகத் தீட்டிய அரிசியில் மகனீசியத்தின் முக்கால்வாசி தவிட்டோடு போய் மாட்டுக்குத் தீனியாகிறது. நெல்லுக் குத்தக் கொடுக்கும்போதே "உமியை மட்டும் நீக்குங்கோ, தீட்ட வேண்டாம்" என்று சொல்லுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம், சிவப்பரிசியையும் வெளுக்கத் தீட்டுவார்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் காறும். இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் குத்துவியுங்கள். நான்கைந்து மணிநேரம் ஊறவைத்து, அளவான தண்ணீரில் வற்றவிட்டுச் சமையுங்கள். கஞ்சி வடித்துக் கொட்டினால் சத்தும் அதோடு போகும். கீரையை அவித்த தண்ணீருக்கும் இதே கதைதான், வறையாகச் செய்தால் இழப்புக் குறைவு.

ஒரு நாளைக்கு இப்படிக் கணக்கிடலாம்: காலையில் 75 கிராம் குரக்கன் மாவில் புட்டு, ஏறக்குறைய 100 மில்லிகிராம். மத்தியானம் 150 கிராம் தீட்டாத அரிசியைச் சமைத்த சோறு, சுமார் 150. 100 கிராம் முளைக்கீரை, 55. பின்னேரம் 50 கிராம் கௌபி அல்லது பயறு அவித்தால் 90. ஒரு கைப்பிடி கச்சான் சேர்ந்தால் ஆணின் தேவையும் நிறைந்துவிடும்.

எள்ளில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் உண்டு. சிறுபோகத்தில் விளைந்த எள்ளு வீட்டில் இருந்தும் பலர் நல்லெண்ணெயோடு நின்றுவிடுகிறார்கள். எண்ணெயில் மகனீசியம் இல்லை, அது பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. எள்ளை வறுத்து இடித்து உருண்டையாக உண்ணுங்கள். முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியேறும்.

நம் கிணற்று நீரின் கடினத்தன்மைக்குக் கல்சியத்தோடு மகனீசியமும் காரணம். ஆர்.ஓ. எனப்படும் நீர் சுத்திகரிப்பு வடி இரண்டையும் அகற்றிவிடும். அதற்காகக் கிணற்று நீருக்குத் திரும்பாதீர்கள். குறைவைச் சோற்றாலும் பயறாலும் ஈடுசெய்யலாம்.

சிறுநீரக நோயாளிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வவுனியாப் பக்கம் அந்நோய் உள்ள குடும்பங்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். பழுதான சிறுநீரகம் மகனீசியத்தைச் சரிவர வெளியேற்றாது. இரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும். மகனீசியக் குளிசை மட்டுமல்ல, மகனீசியம் கலந்த வயிற்றெரிவு மருந்தும் பேதி மருந்தும் அவர்களுக்கு ஆபத்து. பயறும் கௌபியும் எவ்வளவு என்பதையும் சிறுநீரகக் கிளினிக்கில் கேட்டே சாப்பிட வேண்டும். மற்றவர்களும் குளிசையாக நாளொன்றுக்கு 350 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, வயிற்றோட்டம்தான் மிஞ்சும்.

மலத்தில் இரத்தம், சில கிழமைகளாக மாறிய மலப்போக்கு, காரணமில்லாத மெலிவு, இரத்தச்சோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் மூலச்சூடு என்று கைமருந்தில் நாட்கடத்தாதீர்கள். மூலமா புற்றா என்று சோதித்துத்தான் பிரிக்க முடியும். பெற்றோர், சகோதரருக்கு இந்நோய் வந்திருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்னரோ, எது முந்தியோ அப்போது வைத்தியரிடம் அந்த விபரத்தைச் சொல்லிப் பெருங்குடல் கமராச் சோதனை பற்றிக் கேளுங்கள்.