வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு அக்கவுண்ட், ஆளுக்கொரு மெயில்

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், உட்காருவது நான்கு பேர், உள்ளே நுழைய எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட். இப்படி இருந்தால் பிரவுசரைத் திறந்ததும் கடைசியாக உட்கார்ந்தவருடைய இன்பாக்ஸ்தான் கண்ணில் படும். அப்பாவின் பேங்க் மெயில்களுக்கு நடுவில் தம்பி தன் கல்லூரி மெயிலைத் தேடிக்கொண்டிருப்பான். மெயிலைச் சரிசெய்து கொடு என்று சொந்தக்காரர்கள் யார் கூப்பிட்டாலும், நான் முதலில் யூசர் அக்கவுண்ட்களைத்தான் பிரிக்கிறேன். அது முடிந்தால் மெயில் பாதி முடிந்த மாதிரி.

விண்டோஸில் அக்கவுண்ட் இரண்டு வகை. அட்மினிஸ்ட்ரேட்டர், கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்டாண்டர்ட், தன் ஃபைல்கள், தன் மெயில், தன் பிரவுசர் ஆகியவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கம்ப்யூட்டர் முழுவதையும் பாதிக்கும் மாற்றம் என்றால் அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டைக் கேட்கும். தினசரி வேலைக்கு எல்லோருமே ஸ்டாண்டர்டில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வீட்டில் விவரம் தெரிந்தவரும் அப்படித்தான்.

காரணம் இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கும்போது கண்ட புரோகிராமை இன்ஸ்டால் செய்யப் போனால், திரை மங்கி, ஆம் இல்லை என்று இரண்டு பட்டன்தான் வரும். கை தானாக ‘ஆம்’ பக்கம் போய்விடும். ஸ்டாண்டர்டில் அதே இடத்தில் பாஸ்வேர்ட் கட்டம் வருகிறது. அம்மா அங்கே நின்றுவிடுவார். “ஏண்டா, இது என்னமோ பாஸ்வேர்ட் கேக்குது, நான் ஒண்ணும் பண்ணலையே?” என்று போன் வரும். என்ன கேட்கிறது என்று படிக்கச் சொல்வேன். பெரும்பாலும் ஏதோ ஒரு இணையப் பக்கம் தள்ளிவிட்ட வேண்டாத டவுன்லோடாக இருக்கும். அந்த ஒரு போனுக்காகவே இந்த ஏற்பாடு.

இப்போது எல்லோரும் புழங்கும் பழைய அக்கவுண்டை அழிக்கத் தேவையில்லை. அதன் ஃபைல்கள் அப்படியே இருக்கட்டும். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய்ப் புதிதாக ஓர் அக்கவுண்டைச் சேருங்கள். முதலில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டின் மெயில் முகவரியைக் கேட்கும். அதற்குக் கீழே, இவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமலே ஒருவரைச் சேர்க்கும் வழி அடுத்த பக்கத்தில் வரும். இப்படிச் சேர்ப்பதுதான் லோக்கல் அக்கவுண்ட். இந்தப் புது அக்கவுண்டை அட்மினிஸ்ட்ரேட்டராக மாற்றி, அதில் நுழைந்து, அங்கிருந்து பழையதை ஸ்டாண்டர்ட் ஆக்குங்கள். இந்த வரிசை முக்கியம். கம்ப்யூட்டரில் ஒரு அட்மினிஸ்ட்ரேட்டராவது எப்போதும் இருந்தாக வேண்டும். பிறகு மற்றவர்களை ஒவ்வொருவராகச் சேர்க்கலாம். புதிதாகச் சேர்ப்பவர்கள் தானாகவே ஸ்டாண்டர்டாகத்தான் வருவார்கள்.

பெயர் வைக்கும்போது சற்று நிதானம் வேண்டும். சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் அந்தப் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உருவாகும். பின்னால் அக்கவுண்டின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. அதனால் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், சின்னதாக வையுங்கள். லோக்கல் அக்கவுண்ட் கேட்கும் மூன்று பாதுகாப்புக் கேள்விகளையும் கடனே என்று நிரப்ப வேண்டாம். பாஸ்வேர்ட் மறந்தால் அவைதான் கைகொடுக்கும். குழந்தைக்கு நேரக் கட்டுப்பாடு வைக்க வேண்டுமென்றால் மட்டும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் தேவைப்படும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு சிஸ்டம் செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ். அங்கேயும் இதே இரண்டு வகை உண்டு.

சரி, மெயிலுக்கு வருவோம். வீட்டுக்கே பொதுவாக ஒரு மெயில் முகவரி போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு முகவரி யார் கையில் இருக்கிறதோ, அதைக் கொடுத்துத் திறந்த அத்தனை அக்கவுண்ட்களின் பாஸ்வேர்டையும் அவரால் மாற்ற முடியும். எழுபது வயதானாலும் அம்மாவுக்கு அம்மாவின் முகவரி. போனில் எழுத்துக் கூட்டிச் சொல்ல எளிதாக இருக்கட்டும். பிறந்த வருடத்தையும் போன் நம்பரையும் அதில் சேர்க்காதீர்கள். ஜிமெயிலில் பெயருக்கு நடுவே வைக்கும் புள்ளிக்கு மதிப்பில்லை; வைத்தாலும் விட்டாலும் ஒரே முகவரிதான்.

அம்மாவின் ஜிமெயிலைத் திறக்கும்போது மீட்பு எண்ணாக உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர் கையில் இருக்கும் போனின் நம்பரைக் கொடுங்கள். மீட்பு மெயிலாக வேண்டுமானால் உங்களுடையது இருக்கட்டும். பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதியும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கினால், போன் கையில் இல்லாதபோது நுழைய 10 பேக்கப் குறியீடுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அவற்றைக் கம்ப்யூட்டரிலேயே சேமிக்காமல் காகிதத்தில் எழுதி, முக்கியமான பத்திரங்களோடு வையுங்கள். இன்னொன்று, தொடர்ந்து 2 வருடம் எட்டிப் பார்க்காத தனிநபர் அக்கவுண்டை கூகுள் அழித்துவிடலாம். முகவரியைத் திறந்து கொடுத்தால் மட்டும் போதாது, பயன்படுத்தவும் பழக்க வேண்டும்.

பிரவுசரில் மெயில் பார்ப்பதே பலருக்குப் போதும். கம்ப்யூட்டரிலேயே ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் புரோகிராமைப் போட்டுக் கொடுக்கிறேன். அவரவர் விண்டோஸ் அக்கவுண்டுக்குள் நுழைந்து அவரவர் மெயிலை மட்டும் சேருங்கள். பெயரும் முகவரியும் கொடுத்தால், தெரிந்த நிறுவனங்களின் செட்டிங்கை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஐமேப், பாப் என்று இரண்டு வழி காட்டினால் ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். அதில் உங்கள் மெயில், நிறுவனத்தின் கம்ப்யூட்டரான சர்வரிலேயே இருக்கும், போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றுபோல் தெரியும். பாப் என்றால், மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து எடுத்துவிடக்கூடும். அப்புறம் போனில் தேடினால் கிடைக்காது. கையால் நிரப்ப வேண்டி வந்தால், போர்ட் என்ற கட்டத்தில் ஐமேப்புக்குப் பெரும்பாலும் 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587.

முடித்ததும் ஒரு சோதனை. வேறொரு முகவரியிலிருந்து ஒரு மெயில் அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து படியுங்கள். போனில் அதே மெயிலின் தடித்த எழுத்து சாதாரணமாக மாறியிருந்தால் ஐமேப் வேலை செய்கிறது.

எழுந்து போகும்போது விண்டோஸ் கீயையும் எல் கீயையும் சேர்த்து அழுத்தச் சொல்லிக் கொடுங்கள். திரை பூட்டிக்கொள்ளும், திறந்து வைத்த வேலை அப்படியே இருக்கும், அடுத்தவர் தன் அக்கவுண்டில் நுழையலாம். எல்லோரும் பார்க்க வேண்டிய புகைப்படங்களை, அதே யூசர்ஸ் ஃபோல்டரில் உள்ள பப்ளிக் ஃபோல்டரில் போடுங்கள்.

யாராவது வீட்டை விட்டுப் போனார்கள் என்று அக்கவுண்டை நீக்கப் போகிறீர்களா? நீக்கினால் அவருடைய டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், படங்கள் எல்லாம் சேர்ந்தே போய்விடும். முதலில் ஒரு வெளி டிரைவில் காப்பி எடுத்து, அவரிடமே கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு நீக்கலாம்.