'மிஸ்ஜட்ஜ்': தப்பாக எடைபோட்டதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

'மிஸ்ஜட்ஜ்' என்றால் 'தவறாகத் தீர்ப்பளித்தல்' என்று மனப்பாடம் செய்திருந்தால் முதலில் அதை மறந்துவிடுங்கள். 'ஜட்ஜ்' என்றதும் நீதிபதி நினைவுக்கு வருவதால் விளைந்த குழப்பம் அது. குற்றம் செய்யாதவருக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தால் ஆங்கிலத்தில் 'ராங்லி கன்விக்டட்' என்பார்கள். 'மிஸ்ஜட்ஜ்' தராசுக்காரரின் சொல். ஓர் ஆளையோ தூரத்தையோ நேரத்தையோ மனசுக்குள் எடைபோட்டோம், எடை பிசகிவிட்டது. 'தப்புக் கணக்குப் போட்டுட்டேன்', 'அவரைத் தப்பா எடைபோட்டுட்டேன்' என்று நாம் சொல்கிற இரண்டும் இந்த ஒரே வினைக்குள் அடங்கும்.

ரவுண்டபவுட்டில் ஒருவர் காரை நிறுத்திக் காத்திருக்கிறார். வலப்பக்கம் ஒரு மோட்டார்பைக் வருகிறது. தூரத்தில்தானே இருக்கிறது என்று வண்டியை எடுக்கிறார். பைக் அதற்குள் பக்கத்தில் வந்துவிடுகிறது. 'ஹீ மிஸ்ஜட்ஜ்ட் த ஸ்பீட் ஆஃப் த மோட்டார்பைக்.' பைக்கை அவர் பார்த்தார், அது பைக் என்றும் தெரிந்தது. வேகத்தின் அளவில்தான் பிசகினார். அளவு பிசகிய இடமே இந்த வினைக்கு இடம். சொன்னதன் பொருளே மாறிப் புரிந்திருந்தால் 'மிஸ்அண்டர்ஸ்டாண்ட்' என்று எழுத வேண்டும்.

மொரீஷியஸ் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லில் தனியாகச் சில தொல்லைகள் உண்டு. பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில் நடந்தாலும், வாயில் ஓடுவது கிரியோல் என்ற உள்ளூர் மொழியும் பிரெஞ்சும். பிரெஞ்சின் 'மால் ஜூஜே' ('தப்பாக எடைபோடு'; 'மால்' என்றால் 'தப்பாக') மனசில் இருப்பதால் 'ஐ ஹேவ் பேட்லி ஜட்ஜ்ட் ஹிம்' என்று எழுதிவிடுகிறார்கள். 'மிஸ்' என்ற முன்னொட்டே அந்த 'மால்' செய்யும் வேலையைச் செய்துவிடும். இன்னொரு சொல் தேவையில்லை. அடுத்தது, 'ஒருவரைப் பற்றித் தப்பாக நினைத்தல்' என்ற பொருளில் பிரெஞ்சில் வரும் 'ஸெ த்ரோம்பே ஸுர்' தரும் பிழை. அதன் 'ஸுர்' ('மேல்') ஒட்டிக்கொண்டு வந்து 'மிஸ்ஜட்ஜ்ட் ஆன் ஹிம்' என்றாகிறது. சிலர் 'அபவுட்' போடுவார்கள். இரண்டும் தப்பு. வினைக்கு அடுத்து நேராகச் செயப்படுபொருள் வரவேண்டும்: 'ஐ மிஸ்ஜட்ஜ்ட் ஹிம்.'

காலம்தான் அதிகம் சறுக்குகிற இடம். 'நேற்று' என்று சொல்லும்போதும் பிரெஞ்சில் 'ஹேவ்' போன்ற துணைவினை வரும். ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' இருந்தால் 'ஹேவ்' வரக்கூடாது: 'ஐ மிஸ்ஜட்ஜ்ட் ஹிம் யெஸ்டர்டே.' இந்த வினை பெரும்பாலும் இறந்தகாலத்தில் வருவதற்கு நல்ல காரணம் உண்டு. எடைபோடுகிற நேரத்தில் யாருக்கும் பிசகு தெரியாது, பிறகுதான் தெரியும். சந்தேகம் வந்தபின் 'மேபி ஐ ஆம் மிஸ்ஜட்ஜிங் ஹர்' என்று நிகழ்காலத்தில் சொல்வதும் சரியே.

காவடி முடிந்து ஏழு கறிச் சாப்பாடு. 200 இலைக்குச் சமைத்த இடத்தில் 260 பேர் வந்தார்கள் என்று வையுங்கள். 'வீ மிஸ்ஜட்ஜ்ட் ஹவ் மெனி பீப்பிள் வுட் கம்' என்பது சரியான வாக்கியம். 'ஹவ்' தொடங்கும் துணைவாக்கியத்தை இந்த வினை இயல்பாக ஏற்கும். ஆனால் சோறு மிஞ்சியதா, போதவில்லையா என்பதை அது சொல்லாது. குறைவாக மதிப்பிட்டதைச் சொல்ல 'அண்டர்எஸ்டிமேட்', அதிகமாக மதிப்பிட்டதைச் சொல்ல 'ஓவர்எஸ்டிமேட்'. திசை தெரிந்திருக்கும்போது அதைச் சொல்லும் வினையைப் போடுவதே நல்ல எழுத்து. ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது நிலைமை வேறு. நல்லவரைக் கெட்டவர் என்று நினைத்ததும், கெட்டவரை நம்பியதும் இரண்டுமே 'மிஸ்ஜட்ஜ்' தான்.

மன்னிப்புக் கேட்கவும் இது நல்ல சொல். 'ஐ மிஸ்ஜட்ஜ்ட் யூ, ஐ ஆம் சாரி' என்றால் தப்பு முழுவதையும் பேசுகிறவர் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். கொஞ்சம் எழுத்துநடைச் சொல் இது. அன்றாடப் பேச்சில் 'ஐ வாஸ் ராங் அபவுட் யூ' என்பதே அதிகம். 'அபவுட்' அங்கே சரி, ஏனென்றால் அங்கே வினை வேறு. தப்பு பெரிதாக இருந்தால் முன்னால் 'பேட்லி' சேர்க்கலாம்: 'ஐ பேட்லி மிஸ்ஜட்ஜ்ட் யூ.'

உச்சரிப்பில் அழுத்தம் 'ஜட்ஜ்' மேல் விழும். பிரெஞ்சு வாய்க்கு அந்த ஒலி மெத்தென்று குழைந்துவிடும். தமிழ் 'ஜ' அப்படியே பொருந்தும், அதையே சொல்லுங்கள். இறந்தகால 'மிஸ்ஜட்ஜ்ட்' இரண்டே அசை. கடைசியில் 'எட்' என்று மூன்றாவதைச் சேர்க்கக்கூடாது. எழுதும்போது 'எஸ்' ஒன்றுதான். 'மிஸ்ஸ்பெல்' என்ற சொல்லில் இரண்டு வருவது, 'ஸ்பெல்' என்பதே 'எஸ்'ஸில் தொடங்குவதால்.

பெயர்ச்சொல் 'மிஸ்ஜட்ஜ்மென்ட்'. 'ஜி'க்குப் பின் 'ஈ' போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். வினைக்குப் பின் வரக்கூடாத இடைச்சொல் இங்கே தேவைப்படும்: 'எ மிஸ்ஜட்ஜ்மென்ட் ஆஃப் த டிஸ்டன்ஸ்.'