எல்லோருக்கும் ஒரே வாணலி: ஓவனில் சுடும் ஆப்பிள் பான்கேக்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பருகே நின்று பான்கேக்கை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டே பல வருடங்கள் ஓடின. முதலில் சாப்பிட்ட சின்னவன் கை கழுவி விளையாடப் போயிருப்பான். நான் உட்காரும் நேரத்தில் மேசையில் யாரும் இருக்கமாட்டார்கள். ஓவனில் சுடும் இந்தப் பான்கேக் கைவந்த பிறகுதான் நாங்கள் நால்வரும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம்.

இதில் பேக்கிங் பவுடரோ சோடாவோ கிடையாது. சூடு சுரீரென்று பட்டதும் கரைசலில் உள்ள ஈரம் ஆவியாகி மாவை மேலே தூக்குகிறது, முட்டையும் மைதாவும் அந்த உருவத்திலேயே வெந்து இறுகுகின்றன. அதனால் சூட்டில் மட்டும் குறை வைக்காதீர்கள்.

25 செ.மீ. அகலமுள்ள, பிளாஸ்டிக் பிடி இல்லாத வார்ப்பிரும்பு வாணலியை ஓவனுக்குள் வைத்து 220 டிகிரி செல்சியஸில் சூடேற்றுங்கள். ஓவன் தயார் என்று விளக்கு காட்டினாலும் நான் இன்னும் பத்து நிமிடம் விடுவேன். இரும்பு சூடேற ஓவனைவிட நேரமாகும்.

அதற்குள் 3 முட்டை, அரை கப் பால் (120 மி.லி.), அரை கப் மைதா (65 கிராம்), ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி வெனிலா எசன்ஸ் எல்லாவற்றையும் மிக்ஸியில் அரை நிமிடம் அடித்து, கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். மைதா பாலை உறிஞ்சிக்கொள்ளும். கரைசல் நீர்க்கத்தான் இருக்கும். பயந்து கூடுதலாக மாவைக் கொட்ட வேண்டாம். முட்டையையும் பாலையும் முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், குளிர்ச்சியாக ஊற்றினால் வாணலியின் சூடு இறங்கிவிடும்.

இனி பழம். முதல் தடவை கனிந்த பீச் பழத்தை நறுக்கிப் பச்சையாகவே போட்டேன். சாறு இறங்கி, ஓரம் பொன்னிறமானபோதும் நடுப்பகுதி வேகாத களியாகவே கிடந்தது. அன்றிலிருந்து ஆப்பிள்தான். கொஞ்சம் புளிப்பான பெரிய ஆப்பிள் ஒன்றைத் தோல் சீவி, அரை சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, ஒரு தேக்கரண்டி வெண்ணெயும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி பட்டைத்தூளும் சேர்த்துத் தனிச் சட்டியில் வதக்குங்கள். விட்ட சாறெல்லாம் வற்றி, துண்டுகள் பளபளவென்று ஆக ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். இங்கே அவசரம் காட்டாதீர்கள். பேரிக்காயையும் இப்படியே செய்யலாம். பெர்ரி வகைகளைச் சுட்டபின் மேலே தூவுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

வாணலியை வெளியே எடுத்து 30 கிராம் வெண்ணெயைப் போடுங்கள், உடனே நுரைத்து உருகும். நாலாபுறமும் சுழற்றி, ஆப்பிளை நடுவில் மட்டும் பரப்புங்கள். ஓரம் வெறுமையாக இருந்தால்தான் மாவு பக்கச் சுவரைப் பிடித்து ஏறும். கரைசலை ஊற்றிச் சட்டென்று உள்ளே வைத்துவிடுங்கள். 18 முதல் 20 நிமிடம். முதல் கால் மணி நேரம் கதவைத் திறக்கவே கூடாது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் இருவரும் கண்ணாடி முன் தரையில் உட்கார்ந்து, ஓரம் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓரம் ஆழ்ந்த பழுப்பாகும்வரை விடுங்கள். வெளிர்நிறத்திலேயே எடுத்தால் தொய்ந்து போகும்.

வெளியே வந்த இரண்டு நிமிடத்தில் நடுப்பகுதி அமுங்கிவிடும். அது இயல்புதான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்காகவே எல்லோரையும் முன்னாலேயே மேசைக்கு வரவழைத்துவிடுவேன். வாணலிப் பிடியில் தடித்த துணியைச் சுற்றிவிட்டு மேசை நடுவே வைத்து, எலுமிச்சையைப் பிழிந்து, பொடித்த சர்க்கரையைச் சலித்துத் தூவி, நாலாக வெட்டினால் ஆளுக்கொரு துண்டு.

விருந்தாளி வந்தால் இரட்டிப்பு அளவை ஒரே வாணலியில் ஊற்றாதீர்கள், நடு வேகாது. இரண்டு வாணலிகளில் சுடுங்கள்.